ஃபிலிம் சிக்குகிறதா? பழைய வீட்டு புரொஜெக்டருக்கு அறிகுறி பார்த்துச் செய்யும் வைத்தியம்

பரணிலிருந்து புரொஜெக்டரை இறக்கித் துடைத்து, பிளக்கைச் செருகி, கையில் கிடைத்த முதல் சுருளை ஏற்றிவிடுவார்கள். அது பெரும்பாலும் தாத்தாவின் அறுபதாம் கல்யாணமாக இருக்கும். அல்லது அப்பா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஒரே படமாக இருக்கும். அரை நிமிடத்தில் அது சிக்கிக் கிழியும். என் மேஜைக்கு வரும் மெஷின்களில் பெரும்பகுதி இப்படி ஒரு சுருளைக் கடித்துவிட்டுத்தான் வருகின்றன. மெஷினுக்கு உதிரி பாகம் தேடலாம், செய்துகொள்ளலாம். கிழிந்த கட்டங்களில் சிரித்துக்கொண்டிருந்த பாட்டியை எந்தப் பட்டறையிலும் செய்து தர முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண 8, சூப்பர் 8, 16 மி.மீ. வீட்டு புரொஜெக்டர்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழுதுகள் இவை. உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு மிகுந்தது கடைசியில் வரும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## கை வைப்பதற்கு முன்

ஃபிலிம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். 1932-இல் வந்த சாதாரண 8-இல் ஓரத்துளை பெரியது. இரண்டு கட்டங்களைப் பிரிக்கும் கோட்டுக்கு நேரே இருக்கும். 1965-இல் வந்த சூப்பர் 8-இல் துளை சிறியது. கட்டத்தின் நடுவுக்கு நேரே இருக்கும். இரண்டுக்கும் அகலம் ஒன்றே என்பதால் சட்டெனத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும். ஒன்றுக்கான மெஷினில் மற்றொன்றை ஓட்டினால், ஃபிலிமை இழுக்கும் கொக்கி துளையில் விழாமல் ஃபிலிமின் உடம்பில் விழும். இரண்டையும் ஓட்டக்கூடிய மெஷின் என்றால் அதில் ஒரு மாற்று விசை இருக்கும். சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினீர்களா என்று பாருங்கள்.

அடுத்து மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின்கள் 110 முதல் 120 வோல்ட்டுக்கானவை. அடியிலுள்ள தகட்டைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் பல்பும் மோட்டாரும் ஒரே நொடியில் போகும். உள்ளே கை விடும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோட்டாருடன் இணைந்த கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளைத் தொடாதீர்கள்.

சோதனைக்கு எனத் தனியாக ஒரு துண்டு ஃபிலிம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் வெற்று லீடரோ (சுருளின் முனையில் சேர்க்கும் படமில்லாத ஃபிலிம்), யாருக்கும் வேண்டாத பழைய துண்டோ போதும். அது மூன்று முறை சிக்காமல் ஓடி, ஓடி முடிந்தபின் புதுக் கீறல் இல்லாமல் வெளியே வந்தால்தான் வீட்டுச் சுருளை ஏற்ற வேண்டும். என் மேஜையில் இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

கருவிகள்: பொருத்தமான முனையுள்ள திருப்புளிகள், டார்ச், பஞ்சுக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தையல் மெஷின் எண்ணெய், ஒரு கட்டு ஈர்க்குச்சி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலோகத்தைக் கீறாமல் அழுக்கைப் பெயர்த்தெடுக்க அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

கீழே அடிக்கடி வரும் சில பெயர்கள். பல்பின் முன்னால் ஃபிலிம் தட்டையாக நிற்கும் வாசல் கேட். அதில் ஃபிலிமை அமுக்கிப் பிடிப்பது அழுத்தத் தகடு. துளையில் விழுந்து கட்டம் கட்டமாகக் கீழே இழுப்பது கொக்கி. ஒரே சீராகச் சுழன்று ஃபிலிமைத் தள்ளும் பல் உருளை ஸ்ப்ராக்கெட். கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிம் தளர்ந்து வளைந்து நிற்கும் பகுதி லூப். கட்டம் நகரும் நேரத்தில் வெளிச்சத்தை மறைப்பது ஷட்டர். இரண்டு ஃபிலிம் துண்டுகளை இணைத்த இடம் ஒட்டு.

## தானாக ஃபிலிம் ஏற்றும் மெஷினில் முனை உள்ளேயே போகவில்லை

பத்தில் ஏழெட்டு முறை குற்றம் முனையில்தான். கிழிந்த, மடிந்த, சுருண்ட முனை வழித்தடத்தின் முதல் வளைவிலேயே முட்டி நின்றுவிடும். பல மெஷின்களில் முனையை வெட்டுவதற்கென்றே ஒரு சிறு கத்தி உடம்பிலேயே இருக்கும். அது முனையைச் சரியான வடிவத்தில், துளைக்குச் சரியான தூரத்தில் வெட்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் அந்தத் தூரம் தவறும். வெட்டிய முனையை விரலிடையே இழுத்து, சுருண்ட திசைக்கு எதிராக மெல்ல நிமிர்த்திவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

லூப் அமைப்பதற்கான நெம்புகோலை அழுத்தி வைத்தீர்களா? ஏற்றும் நேரத்தில் அது அழுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏறி முடிந்ததும் விடுபட வேண்டும். வேக விசை இருந்தால் அது 18-இல், அதாவது நொடிக்கு 18 கட்டங்களில், இருக்கட்டும். மிக மெதுவான ஓட்டத்தில் முனை தயங்கி மடிந்துகொள்ளும்.

அப்போதும் போகவில்லை என்றால் பக்கத் தகட்டைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கிய நிலையில், கையால் சுழற்றும் திருகை முன்னோக்கித் திருப்பியபடியே முனையை அனுப்புங்கள். எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தில் பழைய ஃபிலிம் துணுக்கு ஒன்றோ, ஒட்டிலிருந்து கசிந்த பசையோ இருக்கும். இடுக்கியால் எடுத்து ஆல்கஹாலால் துடையுங்கள்.

வழிகாட்டும் பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்று உடைந்தோ வெப்பத்தில் நெளிந்தோ இருந்தால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. அதே மாடலின் செத்த மெஷின் ஒன்றிலிருந்து துண்டை எடுத்துப் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பசை போட்டு ஒட்டி வைத்த வழிகாட்டி, வெப்பத்தில் விட்டுக்கொண்டு ஃபிலிமோடு சேர்ந்து கேட்டுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

## படம் மங்கலாக ஒழுகுகிறது, மெஷின் படபடவென்று சத்தம் போடுகிறது

லூப் போய்விட்டது. சத்தம் கேட்ட நொடியே நிறுத்துங்கள். லூப் இல்லாதபோது விட்டுவிட்டு இழுக்கும் கொக்கியும், நிற்காமல் இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே ஃபிலிமை இழுபறி செய்கின்றன. தோற்பது எப்போதும் ஓரத்துளைதான்.

லூப்பைத் திரும்ப அமைப்பது எளிது. நெம்புகோல் உள்ள மெஷினில் அதை ஒரு முறை அழுத்தி விட்டால் போதும். இல்லாவிட்டால் ஸ்ப்ராக்கெட்டின் பிடியைத் திறந்து, உடம்பில் வரைந்திருக்கும் வெள்ளைக் கோட்டின் அளவுக்கு ஃபிலிமை வளைத்து மூடுங்கள். ஒலியுள்ள 16 மி.மீ. படத்தில் கீழ் லூப்பின் அளவு இன்னும் முக்கியம். ஒலித்தடம் படத்துக்கு 26 கட்டங்கள் முன்னால் ஓடுகிறது. லூப் பெரிதானாலோ சிறிதானாலோ உதடும் பேச்சும் பொருந்தாது.

ஒரு முறை போனால் விட்டுவிடலாம். நிமிடத்துக்கு ஒரு முறை போனால் காரணம் தேட வேண்டும். நான் தேடும் வரிசை இது:

கேட் சரியாக மூடியிருக்கிறதா? லென்ஸ் தாங்கி முழுவதும் பதியாமல் ஒரு நூல் அளவு திறந்திருந்தாலும் கொக்கி சில கட்டங்களைத் தவறவிடும். அடுத்து, ஊட்டும் ரீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். வளைந்த ரீல் மெஷினின் உடம்பில் உரசினால் ஃபிலிம் இழுபட்டு மேல் லூப் சுருங்கும். வேறு ரீலுக்கு மாற்றினால் பிரச்சினை தீரும். மூன்றாவது, ஃபிலிமின் துளைகள். எப்போதும் ஒரே இடத்தில்தான் லூப் போகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டு ஃபிலிமைப் பாருங்கள். அங்கே இரண்டு மூன்று துளைகள் கிழிந்திருக்கும்.

நான்காவது, கேட்டில் படிந்த அழுக்கு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சூப்பர் 8 மெஷின் வந்தது. மோட்டார் வலுவிழந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று எங்கோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சோதனைத் துண்டை ஏற்றினேன். கீச்சென்ற சத்தம், பத்து நொடிக்குள் லூப் போயிற்று. லென்ஸைத் திறந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஃபிலிமின் ஓரங்கள் சறுக்கும் இரண்டு தண்டவாளங்களில் இடப்பக்கத்தில் மட்டும் பாதிக் கடுகு அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு. ஃபிலிமின் மேற்பூச்சு உரிந்து, வெப்பத்தில் வெந்து, கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. ஈர்க்குச்சியின் முனையைச் சாய்வாகச் சீவி, ஆல்கஹாலில் நனைத்துப் பொட்டின் மேல் வைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டேன். பிறகு ஃபிலிம் ஓடும் திசையிலேயே தள்ளினேன். ஐந்தாவது தள்ளலில் காய்ந்த புண்ணின் பொருக்குப் போல முழுதாகப் பெயர்ந்து வந்தது. அன்றைக்கு வேறு எதையும் நான் தொடவில்லை. மெஷின் இன்றைக்கும் அதே மோட்டாரில் ஓடுகிறது.

திருப்புளி, பிளேடு, உப்புத்தாள் எதையும் கேட்டில் வைக்காதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் அதன்பின் ஓடும் ஒவ்வொரு சுருளிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடும். எண்ணெயும் கேட்டுக்கு ஆகாது.

கேட் சுத்தம், ஃபிலிம் நன்று, ரீல் நேர், ஆனாலும் லூப் போகிறது என்றால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## படம் மேலும் கீழும் நழுவுகிறது, அல்லது ஒரே கட்டத்தில் நின்று துடிக்கிறது

கட்டம் சரிசெய்யும் திருகைத் திருப்பிப் பாருங்கள். கருப்புக் கோடு நிலையாகத் திரையில் நின்றால் அந்தத் திருகாலேயே சரியாகும். கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கொக்கி துளையைத் தவறவிடுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிலிம் இல்லாமல் கேட்டைத் திறந்து, கைத்திருகை மெதுவாகச் சுழற்றுங்கள். கொக்கி இடுக்கிலிருந்து வெளியே வரும், கீழே இறங்கும், உள்ளே போகும், மேலே ஏறும். இந்த நான்கும் தெளிவாக நடக்க வேண்டும். பழைய மெஷின்களில் நான் அடிக்கடி காண்பது, கொக்கி பாதியளவே வெளியே வருவது, அல்லது முழுதாக உள்ளே போகாமலே மேலே ஏறுவது. இரண்டுக்கும் காரணம் பொதுவாக ஒன்றுதான்: தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மெழுகாக இறுகிவிட்டது. கொக்கியின் கையை வெளியே தள்ள வேண்டிய சிறு ஸ்பிரிங்கால் அந்த மெழுகை வெல்ல முடியவில்லை. முழுதாக உள்ளே போகாத கொக்கி இன்னும் ஆபத்தானது. ஏறும்போதெல்லாம் துளையின் மேல் விளிம்பைக் கிழித்துக்கொண்டே போகும்.

பழைய கிரீஸை ஆல்கஹாலும் பஞ்சும் கொண்டு பொறுமையாக எடுங்கள். ஒரே நாளில் முடியாமல் போகலாம். பிறகு சுழன்று கொக்கியை இயக்கும் கேம் என்னும் உருளையிலும் அச்சுகளிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. கேமின் அருகே ஒரு சிறு கம்பளித் துண்டு இருந்தால் அதற்கு இரண்டு மூன்று துளி. அது எண்ணெயைத் தாங்கிவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுப்பதற்காக வைத்தது. மிஞ்சியதை ஒற்றி எடுத்துவிடுங்கள். சுழலும்போது தெறிக்கும் எண்ணெய் ஷட்டர், லென்ஸ், ஃபிலிம் எல்லாவற்றின் மேலும் படும்.

அழுத்தத் தகட்டின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தகட்டை விரல் நுனியால் அழுத்தினால் உள்ளே போய்த் தானே திரும்பி வர வேண்டும். முன்பு சுத்தம் செய்தவர் தகட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு, வெறும் தகட்டை மட்டும் மாட்டி வைத்த மெஷின்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. படம் பக்கவாட்டில் ஆடினால் கேட்டின் ஓரத்தில் உள்ள பக்க ஸ்பிரிங் அழுக்கடைந்திருக்கும். அதற்கும் ஈர்க்குச்சிதான்.

கொக்கியின் முனையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தேய்ந்து அதில் பள்ளம் விழுந்திருந்தால், அல்லது வளைந்திருந்தால், நிமிர்த்த முயலாமல் நிறுத்திவிடுங்கள். கொக்கி மாற்றுவதும், அது எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்று சரிபார்ப்பதும், ஷட்டருடன் நேரம் பொருத்துவதும் அனுபவசாலியின் வேலை.

## ஒட்டு வரும் இடத்தில் மட்டும் சிக்குகிறது

மெஷினில் குறையில்லை. ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

சுருளை மெதுவாக விரல்களுக்கிடையே ஓடவிட்டு ஒவ்வோர் ஒட்டையும் சோதியுங்கள். இலேசாக வளைத்தால் வாய் திறக்கிறதா? தடிப்பாக இருக்கிறதா? டேப் துளையை மூடியிருக்கிறதா? இரண்டு முனைகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா? இவற்றில் எது தவறினாலும் அங்கே லூப் போகும்.

பாலியெஸ்டர் ஃபிலிமை, ஃபிலிம் சிமெண்ட் என்னும் பசை போட்டு ஒட்ட முடியாது. அதற்கு ஒட்டு டேப்தான். எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் துளையிட்ட ஒட்டு டேப்பையே பயன்படுத்துங்கள்.

கடையில் விற்கும் செல்லோ டேப்பை மட்டும் ஃபிலிமில் போடாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. அதைப் போட்டவர்கள் எல்லாருமே ஆசையோடு படத்தைக் காப்பாற்ற நினைத்தவர்கள்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 50 அடிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை எடுத்த படம். சாதாரண 8, ஓடினால் நாலு நிமிடம்தான். அதில் பதினோரு இடங்களில் செல்லோ டேப். நம்மூர் வெயிலில் அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் மேற்பூச்சோடு சேர்ந்து படமே உரியும் நிலை. பஞ்சுக் குச்சியால் ஆல்கஹாலை ஓரத்திலிருந்து ஊறவிட்டு, ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று இரண்டு மாலைகள் உட்கார்ந்து பிரித்தோம். அவரும் கூடவே இருந்தார். பதினோரு இடங்களில் ஒன்பது தப்பின. இரண்டில் சில கட்டங்களை வெட்ட வேண்டியிருந்தது; எந்தக் கட்டங்கள் என்று அவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெட்டினேன். வெட்டிய துண்டுகளையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தேன்.

சுற்றுகள் கட்டியாக ஒட்டிப் போயிருந்தால், அல்லது ஆல்கஹால் பட்ட இடத்தில் நிறம் பஞ்சில் இறங்கினால், அத்துடன் விட்டுவிடுங்கள். ஃபிலிம் பாதுகாப்பு தெரிந்தவரிடம் மட்டுமே அது போக வேண்டும்.

## ஃபிலிம் நின்றது, திரையில் பழுப்புக் குமிழி விரிகிறது

பல்பை அணையுங்கள், பிறகு மோட்டாரை. இந்த வரிசை மாறக் கூடாது. மோட்டார் நின்று பல்பு எரிந்தால் அடுத்த கட்டமும் போகும்.

8 மி.மீ., 16 மி.மீ. வீட்டுச் சுருள்கள் பெரும்பாலும் அசிட்டேட் என்னும் பாதுகாப்பு ஃபிலிமில் வந்தவை. பழைய 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிம்போல் பற்றி எரியாது, உருகிச் சுருங்கும். எனவே பதற வேண்டாம். இழுக்கவும் வேண்டாம். கேட்டைத் திறந்து, ஆறவிட்டு, கைத்திருகைச் சுழற்றிக் கொக்கியைத் துளையிலிருந்து விடுவித்த பின் ஃபிலிமை எடுங்கள்.

நின்றதற்கான காரணம் மேலே சொன்னவற்றில் ஒன்றாகவே இருக்கும்: லூப், ஒட்டு, அழுக்கு, கொக்கி. எரிந்ததற்குக் காரணம் வேறு. ஒரே கட்டத்தில் நிறுத்திக் காட்டும் வசதியுள்ள மெஷின்களில், நிறுத்தும்போது பல்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்பு விழ வேண்டும். அது இருக்கிறதா, தடையில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள். பல்புக்குக் காற்றடிக்கும் விசிறி சுழல்கிறதா என்பதையும் பாருங்கள். தடுப்பு காணாமல் போயிருந்தால் நிறுத்திக் காட்டும் வசதியை இனித் தொடாதீர்கள். விசிறி ஓடவில்லை என்றால் மெஷினையே ஓட்டாதீர்கள்.

## படம் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஃபிலிம் தரையில் கொட்டுகிறது

வாங்கும் ரீல் சுற்றவில்லை. படத்தில் லயித்திருக்கும்போது இது கண்ணில் படாது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தரையில் ஒரு குவியல் கிடக்கும். யாரோ அதை மிதித்தும் இருப்பார்கள்.

முனை ரீலின் பிளவில் மாட்டியிருக்கிறதா? ரீலின் நடுத்துளை அச்சோடு பொருந்துகிறதா? சூப்பர் 8 ரீலின் நடுத்துளை பெரியது. சாதாரண 8-இன் மெல்லிய அச்சில் அதை இணைப்பு வளையம் இல்லாமல் மாட்டினால் அச்சு மட்டும் சுழலும். இவ்வளவில் சரியாகாவிட்டால் ரீலைக் கழற்றி வெறும் அச்சைப் பாருங்கள்.

அச்சு சுழலவே இல்லை என்றால் பெல்ட். ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அறுந்திருக்கும், அல்லது உருகித் தாராகியிருக்கும். 1970களின் மெஷின்கள் பலவற்றில் இந்த உருகிய பெல்ட்டைப் பார்க்கலாம். விரலில் பட்டால் எளிதில் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பியின் பள்ளத்தையும் ஆல்கஹால் பஞ்சால், கருப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். மிச்சம் வைத்தால் புது பெல்ட் ஒரு மாதத்தில் வழுக்கும். அளவு தெரியாவிட்டால் பெல்ட் போகும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு குறைத்து வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் டேப் ரெக்கார்டர் உதிரி விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் பேரிங் கடையில் ஓ-ரிங் கேளுங்கள். குறுக்குவெட்டு வட்டமான பெல்ட்டுக்கு அது பொருந்தும். இன்னும் பழைய மெஷின்களில் சுருள் கம்பி பெல்ட் இருக்கும். அது தளர்ந்தால் நாலைந்து சுற்றுகளை வெட்டிவிட்டு மறுபடி கொக்கி போட்டுக்கொள்ளலாம்.

அச்சு சுழல்கிறது, 50 அடி ரீலை நன்றாகச் சுற்றுகிறது, 400 அடி ரீல் பாதி நிறைந்ததும் நிற்கிறது. இது கிளட்ச். ஓடும் ரீலின் விளிம்பை விரலால் மெல்லப் பிடியுங்கள். நிற்க வேண்டும், விட்டதும் உடனே இழுத்துச் சுற்ற வேண்டும். தயங்கினால் கிளட்ச்சின் கம்பளி வட்டில் எண்ணெய் இறங்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். திருகி இறுக்கும் வசதி இருந்தால் கால் திருகு மட்டும் இறுக்கிப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் ரீல் ஃபிலிமை வெடுக்கென்று இழுத்துக் கீழ் லூப்பைத் தின்றுவிடும்.

## மோட்டார் சத்தம் கேட்கிறது, எதுவும் நகரவில்லை. அல்லது எல்லாம் மந்தம்

மந்தமாக ஓடினால் எண்ணெய்தான் முதல் சந்தேகம். மோட்டாரின் இரண்டு முனைகளிலுள்ள அச்சுப் பொதிகளுக்கு ஒவ்வொரு துளி விட்டு, கையால் ஐம்பது சுற்று சுற்றி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அமெரிக்க மெஷின் மின்மாற்றியோடு ஓடியும் மந்தம் என்றால் அது பழுதே அல்ல. மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதிர்வெண்ணைச் சார்ந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 24 கட்டங்கள் 20 ஆகிவிடும். மௌனப் படத்துக்கு இது பாதகமில்லை. ஒலிப்படத்தில் குரல் கட்டையாகும். சில மெஷின்களில் மோட்டார் கப்பியில் 50-க்கும் 60-க்கும் தனித்தனிப் பள்ளம் இருக்கும். பெல்ட்டை மாற்றி மாட்டினால் போதும்.

ரப்பர் சக்கரம் மோட்டார் அச்சைத் தொட்டு ஓடும் வகையில், கியர் போட்ட நிலையிலேயே பல ஆண்டுகள் கிடந்தால் சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். தடக், தடக் என்று சீரான சத்தம் வரும். ஆல்கஹாலால் துடைத்து மிக நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் ஓரளவு சரியாகும். ஆழமான தட்டை என்றால் சக்கரத்துக்குப் புதிதாக ரப்பர் கட்ட வேண்டும்.

மோட்டார் நன்றாகச் சுழல்கிறது, பெல்ட்டும் நன்று, கொக்கியும் ஷட்டரும் அசையவில்லை. கைத்திருகைச் சுழற்றினால் கரகரவென்று நடுநடுவே வழுக்குகிறது. பிளாஸ்டிக் கியர் வெடித்துவிட்டது. உலோகத் தண்டின் மேல் இறுக்கமாகப் பூட்டிய பிளாஸ்டிக் புழு கியர் காலப்போக்கில் சுருங்கித் தானாகவே விரிசல் விடும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் விடும். பசை நிற்காது. புது கியர் வாங்கலாம், லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்தும் போடலாம். ஆனால் தண்டை உருவி மாட்டி, கொக்கிக்கும் ஷட்டருக்கும் மறுபடி நேரம் பொருத்த வேண்டும். அதைச் செய்து பழகியவரிடமே கொடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் மொத்தச் செலவைக் கேளுங்கள். அதே மாடலில் ஓடும் நிலையிலுள்ள இன்னொரு மெஷின் அதைவிட மலிவாகக் கிடைக்கலாம். அப்போது உங்களுடையதை உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

## சோதனைத் துண்டு அழகாக ஓடுகிறது, வீட்டுச் சுருள் மட்டும் ஓடவில்லை

டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாசனை மூக்கில் ஏறினால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. சிதையும் ஃபிலிம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். துளைகளுக்கிடையே உள்ள தூரம் குறைந்துவிடுவதால் எந்த நல்ல மெஷினிலும் கொக்கி தடுமாறும். வெயில் தகிக்கும் மாடியறைப் பரணும் இறுக மூடிய தகர டப்பாவும் இதை வேகப்படுத்தும்.

வாசனை இல்லாவிட்டாலும் அளந்து பாருங்கள். ஃபிலிமைச் சமமான மேஜையில் இழுக்காமல் விரித்து, 100 கட்டங்களை எண்ணிக் குறித்து, உலோக அளவுகோலை வையுங்கள். சுருங்காத சூப்பர் 8-இல் 423 மி.மீ. இருக்க வேண்டும். சாதாரண 8-இல் 381. 16 மி.மீ. ஃபிலிமில் 762. எட்டு மி.மீ. வகைகளில் 3 மி.மீ.க்கு மேலும், 16-இல் 6 மி.மீ.க்கு மேலும் குறைந்திருந்தால் அந்தச் சுருளை இனி எந்த புரொஜெக்டரிலும் ஏற்றாதீர்கள். மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதற்காக அந்தப் படம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்ப்ராக்கெட் பற்களும் கொக்கியும் இல்லாமல், உருளைகளால் மட்டுமே ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. சுருங்கிய ஃபிலிமும் அவற்றில் போகும். கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மெஷினில் ஃபிலிமை நகர்த்துவது பல்லா, உருளையா? புரொஜெக்டரில் ஓட்டித் திரையைக் கேமராவால் எடுப்போம் என்று பதில் வந்தால் சுருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதுவரை காடி வாசனையுள்ள சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் டப்பாவில், வீட்டில் மிகக் குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். டப்பாவின் மேல் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர் வீட்டில் இருந்தால், அவரை உட்காரவைத்து இன்றைக்கே எழுதிவிடுங்கள்.